பூமலையில் ஒரு காலை: உயிர்களைப் பார்க்கப் பழகுவோருக்கு

சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸுக்கு இங்குள்ள தமிழர்களின் பெயர் பூமலை. மலை என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. மேடும் சரிவுமாக 82 ஹெக்டேர் நிலம், நடுநடுவே ஏரிகள், அவ்வளவுதான். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஒருமுறையாவது அங்கே கூட்டிப் போகிறோம். ஆர்க்கிட் தோட்டத்தில் படம் பிடித்துக்கொள்கிறோம், பிள்ளைகளுக்கு அன்னத்தைக் காட்டுகிறோம், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகிறோம்.

நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போய் வந்தேன். ஒருநாள் வருவதாகச் சொன்ன நண்பர் தாமதமாக்கிவிட்டார். கைப்பேசியில் சார்ஜும் இல்லை. ஏரிக்கரை பெஞ்சில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கானாங்கோழி மூன்று கறுப்புக் குஞ்சுகளோடு புதரிலிருந்து வெளியே வந்தது. மீன்கொத்தி ஒன்று இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை மீனோடு திரும்பியது. கரையோரம் கிடந்த கட்டை ஒன்று நாக்கை நீட்டியது. அது உடும்பு! இரண்டு வருடமாக அதையோ அதன் அண்ணன் தம்பியையோ தாண்டித்தான் நடந்திருப்பேன்.

அப்படி ஒரு முக்கால் மணி நேரத்தை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ளத்தான் கீழே உள்ள யோசனைகள். பறவை நிபுணராக வேண்டியதில்லை. காலையில் எழுந்தால் போதும்.

1. நேரமும் வாசலும்

தோட்டம் காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணிக்கு மூடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் எழும். அதனால் 6:45க்கு வாசலில் இருந்தால் போதும், ஊரில்போல 5 மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். 7 முதல் 9 வரைதான் பொன்னான நேரம். 10 மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும், நாமும் வேர்த்துப்போய் எரிச்சலாகிவிடுவோம். காலையில் முடியாதவர்கள் மாலை 5 மணிக்கு வரலாம்.

முடிந்தால் வார நாளில் வாருங்கள். இரவெல்லாம் மழை பெய்து விட்ட காலை என்றால் இன்னும் நல்லது. வெயில் காய உடும்புகள் வெளியே வரும், புல்லில் புழு பூச்சி மேலே வரும், அவற்றைத் தேடிப் பறவைகளும் வரும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடி மழை, காலை தப்பித்துவிடும்.

இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்கள் உண்டு. தெற்கே டாங்ளின் வாசலுக்கு நேப்பியர் நிலையம், வடக்கே புக்கிட் தீமா வாசலுக்குத் தோட்டத்தின் பெயரையே கொண்ட நிலையம். இரண்டு முனைகளுக்கும் இடையே சுமார் இரண்டரை கிலோமீட்டர். தெற்கில் நுழைந்து வடக்கில் வெளியேறுவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் முதல் தடவை அதைச் செய்யாதீர்கள். முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் சுற்றுபவர்கள் நடைப்பயிற்சி செய்தவர்களாகத்தான் திரும்புவார்கள். முதல் நாளுக்கு ஓர் ஏரி, ஒரு புல்வெளி, காட்டுக்குள் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

2. பையில் என்ன

தண்ணீர், குடை, கொசுவுக்குப் பூசும் களிம்பு. டெங்கி இங்கே நிஜமான கவலை, களிம்பை மறக்க வேண்டாம். முழுக்கால் சட்டை, பழைய காலணி. பளிச்சென்ற மஞ்சளும் வெள்ளையும் வேண்டாம் என்று புத்தகங்கள் சொல்லும். நான் பார்த்தவரை சட்டை நிறத்தைவிடக் கைவீச்சும் உரத்த பேச்சும்தான் பறவையை விரட்டுகின்றன.

பைனாகுலர் இருந்தால் நல்லது. வாங்குவதாக இருந்தால் 8x42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கையில் நடுங்காது, மரநிழலிலும் வெளிச்சமாகத் தெரியும். பன்னிரண்டு, பதினாறு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் விட்டுவிடுங்கள், அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் பறவையும் ஆடும், மரமும் ஆடும். ஆனால் முதல் நான்கைந்து தடவைக்குப் பைனாகுலரே தேவையில்லை. இங்குள்ள உயிர்கள் மனிதரைப் பார்த்துப் பழகியவை, பல நேரம் பத்தடி தூரத்திலேயே நிற்கும்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

3. தெரிந்த முகங்களிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, அபூர்வமானதைத் தேடுவது. இருவாச்சி எங்கே, நீர்நாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே நடந்து, காலடியில் இருப்பதை விட்டுவிடுவார்கள். நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே இருப்பதில் பாதிக்கு நமக்கு ஏற்கெனவே பெயர் தெரியும்.

முதலில் காது. விடியும் முன்பே கூவத் தொடங்குவது குயில். ஊரில் அதைக் கேட்டால் கவிதை வரும். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னலோரம் ஐந்தரைக்குக் கூவினால் தூக்கம் போகும், அதனால் அதைத் திட்டுபவர்களும் உண்டு. ஆண் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. பெண்ணைக் குயில் என்றே பலர் நம்ப மாட்டார்கள். இங்கேயும் அது காகத்தின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. குயில் கூவும் மரத்தைச் சுற்றிக் காகங்கள் கத்திக்கொண்டு துரத்தினால், கதை புரிந்துவிடும்.

அடுத்து மைனா. புல்வெளியில் கூட்டமாக நடக்கும் கறுத்த மைனாக்களைக் கண்டு நம்மூர் மைனா என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர் மைனாவுக்கு உடல் காப்பிக்கொட்டை நிறம், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். இங்கே நிறைந்திருப்பது ஜாவா மைனா. சாம்பல் கலந்த கறுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் இல்லை, அலகின் மேலே சின்னக் குடுமி. கூண்டுப் பறவையாக வந்து தப்பித்துப் பெருகி, இன்று தீவின் மிகச் சாதாரணமான பறவைகளில் ஒன்றாகிவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் முதல் பாடம் தேறிவிட்டீர்கள்.

தோட்டத்தில் சேவலும் பெட்டையும் தாராளமாகத் திரியும். யார் வீட்டுக் கோழி என்று கேட்காதவர் இல்லை. எல்லாக் கோழிக்கும் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி சிங்கப்பூரின் இயல்பான பறவை. காட்டுச் சேவலுக்குக் கால் சாம்பல் நிறம், காதோரம் வெள்ளைத் திட்டு, நீண்ட தூரம் பறக்கும். கால் மஞ்சளாக இருந்தால் அதில் வீட்டுக்கோழி ரத்தம் கலந்திருக்கிறது. சேவலின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைக் கண்டால் சிரிக்காதீர்கள், அது நானாக இருக்கலாம்.

ஓணானும் அப்படித்தான். வேலியிலும் செடியிலும் தலையாட்டும் பழுப்பு ஓணான் நம்மூர் ஓணான் இனம்தான். வடக்கிலிருந்து, மலேசியா வழியாக, 1980களில் இங்கே வந்து பரவியது. அதற்கு முன் தோட்டங்களில் இருந்தது முழுப் பச்சையான கொண்டை ஓணான். புதியவர் வந்ததும் அது மர உச்சிக்கும் காட்டோரத்துக்கும் ஒதுங்கிவிட்டது. பச்சை ஓணானைப் பார்த்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

இனி மரங்கள். பல மரங்களில் பெயர்ப்பலகை இருக்கும், ஆனால் பலகையைப் படிக்கும் முன் தமிழில் யோசித்துப் பாருங்கள். சாலையெல்லாம் குடை விரித்து நிற்பது தூங்குமூஞ்சி மரம். மழைக்கு முன்பும் மாலையிலும் இலையை மூடிக்கொள்ளும். தோட்டத்தின் இசை மேடையைச் சுற்றி இருப்பவை மஞ்சள் இலைத் தூங்குமூஞ்சிகள். தூரத்தில் பார்த்தால் வெயில் அங்கே மட்டும் அடிப்பதுபோல் இருக்கும். அதன் கிளைகளில் பெரிய இலைக்கூடைபோல் தொற்றியிருப்பது பறவைக்கூட்டுப் பெரணி. அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மேலிருந்து விழும் சருகைக் கூடைக்குள் பிடித்து வைத்து, மக்கிய அந்தச் சருகில் வேர் விட்டுப் பிழைக்கிறது.

நாகலிங்கம் தென்பட்டால் அடிமரத்தைப் பாருங்கள். பூவும் காயும் கிளை நுனியில் இல்லாமல் தண்டிலேயே தொங்கும். நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம்மூர் மரம் என்று நினைக்கிறோம், தூங்குமூஞ்சியைப் போல அதுவும் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கிளி காத்திருந்த இலவ மரம் வானுயர நிற்கிறது. தரையில் முழுச் சிவப்பாக வட்ட விதைகள் சிதறிக் கிடந்தால் மேலே மஞ்சாடி மரம் இருக்கிறது என்று அர்த்தம். குன்றிமணியில் இருக்கும் கறுப்புப் பொட்டு இதில் இருக்காது. பிள்ளைகள் பொறுக்கத் துடிப்பார்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், பையில் போடக் கூடாது. இங்கே செடியின் எந்தப் பகுதியையும் எடுத்துப் போவது குற்றம்.

4. ஏரிக்கரையில் இருபது நிமிடம்

டாங்ளின் வாசலில் நுழைந்தால் சீக்கிரமே அன்ன ஏரி வந்துவிடும். 1866இல் வெட்டியது. தோட்டமே 1859இல்தான் தொடங்கியது என்பதால், ஏறக்குறையத் தோட்டத்தின் வயதுதான் ஏரிக்கும். அன்னம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது, அதை ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். நிழலான ஒரு பெஞ்சைப் பிடித்து இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. மனசு கைப்பேசியைத் தேடும். தாங்குங்கள்.

கண்ணை எங்கே வைப்பது? நடுத் தண்ணீரில் வேண்டாம். தண்ணீரும் கரையும் சேரும் ஓரத்தில் வையுங்கள். வெள்ளை முகமும் சிலேட் நிற முதுகுமாக வாலை ஆட்டிக்கொண்டு நடப்பது கானாங்கோழி. தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிழவர் மாதிரி உட்கார்ந்திருப்பது சின்னக் கொக்கு வகை. நீல முதுகும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகக் கத்திக்கொண்டு போவது இங்கே அதிகம் தென்படும் மீன்கொத்தி. கட்டையில் வரிசையாக வெயில் காயும் ஆமைகளின் கன்னத்தைப் பாருங்கள், சிவப்புக் கோடு இருந்தால் அவை அமெரிக்காவிலிருந்து செல்லப்பிராணியாக வந்தவை. வளர்க்க அலுத்தவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதன் விளைவு.

தண்ணீரில் தலை மட்டும் தெரிய நீந்தி வருவது நீர் உடும்பாக இருக்கலாம். ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். முதலை என்று கத்தி ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நம்மைத் துரத்தாது. வழியை மறித்துக்கொண்டு கிடந்தால் நின்று விடுங்கள், அதுவே போய்விடும். மூலையில் நெருக்கினால் மட்டும்தான் வாலால் அடிக்கும், கடிக்கும்.

நீர்நாய் வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். வரும், ஆனால் நம் நேரத்துக்கு வராது. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் காணாமலே போயிருந்தவை, ஆறுகள் சுத்தமானதும் 1990களின் இறுதியில் திரும்பின. இப்போது குடும்பம் குடும்பமாகக் கால்வாய் வழியே ஊரையே சுற்றுகின்றன. கீச்கீச்சென்று சத்தம் கேட்டு, ஏரியில் ஒரே வரிசையாகக் குமிழிகள் நகர்ந்தால் அவைதான். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குட்டியோடு இருக்கும்போது விளையாட்டில்லை. 2021 நவம்பர் இறுதியில் இதே தோட்டத்தில், இருட்டு விலகாத நேரத்தில் நடக்க வந்த ஒருவரை ஒரு கூட்டம் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கடித்துவிட்டது. சற்று முன் யாரோ ஓடிவந்து அவற்றை மிதித்துக் கலைத்திருந்தார், அந்தக் கோபம் அருகில் இருந்த இவர் மேல் பாய்ந்தது. ஆகவே நீர்நாய்க் கூட்டம் பாதையைக் கடந்தால் நீங்கள் பின்வாங்குங்கள். குனிந்து செல்ஃபி எடுக்க வேண்டாம்.

5. புல்வெளியில் ஓர் உழவர்

ஏரியைவிட எனக்குப் புல்வெளிதான் பிடிக்கும். காரணம், நில உடும்பு.

நீர் உடும்பைவிடச் சிறியது. பழுப்பு உடம்பில் மஞ்சள் தூவியதுபோல் புள்ளிகள். இரண்டையும் பிரிக்க நிச்சயமான அடையாளம் மூக்குத்துளை. நீர் உடும்புக்கு அது மூஞ்சியின் நுனியில் இருக்கும். இதற்குக் கண்ணுக்கும் நுனிக்கும் நடுவே கீறல் போட்டதுபோல் இருக்கும். மண்ணில் மூஞ்சியைக் குத்தித் தின்பவருக்கு மூக்கு நுனியில் இருந்தால் மண் அடைத்துக்கொள்ளாதா?

ஒரு காலை, மழை விட்ட பிறகு, ஒன்று எனக்கு ஐந்தாறு மீட்டர் தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டடி நடக்கும், பிளந்த நாக்கை நீட்டித் தரையைத் தொடும், வேண்டாம் என்பதுபோல் தலையைத் திருப்பிக்கொள்ளும். மறுபடி இரண்டடி. ஓரிடத்தில் நாக்கு நான்கைந்து முறை வேகமாக வந்து போனது. உடனே முன்கால் நகத்தால் பறட் பறட்டென்று மண்ணைக் கிளறி, கண்ணை மூடிக்கொண்டு மூஞ்சியைக் கண் வரை உள்ளே விட்டது. வெளியே எடுத்தபோது வாயில் வெள்ளையாக ஒரு கொழுத்த புழு. தலையை மேலே தூக்கி இரண்டே விழுங்கல். மூக்கின் மேல் ஈர மண் அப்படியே. என்னைப் பார்த்தது, பார்த்துவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட்டது. அரை மணி நேரத்தில் பதினொரு குழி எண்ணினேன். நான் நடந்து நெருங்கியிருந்தால் ஓடிப்போய் மரத்தில் ஏறியிருக்கும். நன்றாக மரம் ஏறும். உட்கார்ந்ததால் அதுவே மூன்று மீட்டர் வரை வந்தது. இங்கே எந்த உயிரையும் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே உத்தி இதுதான். உயரத்தைக் குறையுங்கள், அதன் பாதைக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், காத்திருங்கள்.

டாங்ளின் பகுதிப் புல்வெளியில்தான் அந்தப் புகழ்பெற்ற தெம்பூசு மரமும் இருக்கிறது. உங்கள் பர்ஸில் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள், அதே மரம். தரைக்குப் பக்கத்தில் பக்கவாட்டாக நீளும் தடித்த கிளைதான் அடையாளம். அந்தக் கிளையில் உட்கார்ந்து படமெடுத்த தலைமுறைகள் உண்டு. இப்போது சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். தெம்பூசு பூக்கும் காலத்தில் மாலையில் வந்தால் மரத்தைத் தேடவே வேண்டாம், வாசனையே கூட்டிப் போகும்.

6. காட்டுக்குள்

தோட்டத்தின் நடுவே சுமார் 6 ஹெக்டேர் மழைக்காடு இருக்கிறது. இது நட்டு வளர்த்ததில்லை. தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே நிற்கும் காட்டின் மிச்சம். உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நுழைந்தவுடன் வெளிச்சம் குறையும், ஏதும் இல்லாத மாதிரி இருக்கும். ஏரிக்கரைப் பழக்கத்தில் சுற்றிலும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். காட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள்: அடிமரப் பட்டை, வெயில் விழும் சின்னத் திட்டு, தலைக்கு மேலே பழுத்த அத்தி.

அடிமரப் பட்டையில் கிடைக்கும் பரிசு பறக்கும் ஓணான். வாலோடு சேர்த்து ஒரு சாண்தான் இருக்கும், நிறம் பட்டையேதான். அசையும் வரை தெரியாது. ஆண் மட்டும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்: தொண்டைக்குக் கீழே மஞ்சள் தோலை விசிறி மாதிரி நீட்டி, மடக்கி, நீட்டி, மடக்கி. அந்த மஞ்சள் மினுக்கைப் பிடித்தால் போதும். கண்ணை எடுக்காமல் நின்றால், ஒரு நொடி மரத்தை விட்டுக் குதித்து, பக்கவாட்டில் தோலை விரித்து, காற்றில் வழுக்கி அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அது சிறகு கிடையாது. நீண்ட விலா எலும்புகளின் மேல் இழுத்துப் போர்த்திய தோல்.

அதையே பார்த்துக்கொண்டு ஒருமுறை கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். அரை நிமிடத்தில் முழங்கை வரை நெருப்பு. முசுறு! கைப்பிடியின் மேலே தாழ்ந்த கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு இருந்தது, அண்ணாந்து பார்க்கவில்லை. மாமரம் ஏறி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடி தெரியும். காட்டில் எதிலாவது கை வைக்கும் முன் ஒரு முறை மேலேயும் ஒரு முறை கைப்பிடியையும் பாருங்கள். தள்ளி நின்று பார்த்தால் முசுறு அற்புதமான தையற்காரர். பெரிய எறும்புகள் இலை ஓரங்களை இழுத்துப் பிடிக்க, தம் புழுக்களையே ஊசியாகப் பிடித்து அவை விடும் பட்டு நூலால் தைக்கும்.

பழுத்த அத்தி கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பச்சைப்புறா வரும், ஆணுக்குக் கழுத்தில் ரோஜா நிறம். மாங்குயில் வரும், அணில் வரும். இந்த அணிலின் முதுகில் ராமர் போட்ட மூன்று கோடு இருக்காது, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறு செம்பழுப்பு, விலாவோரம் ஒரு வெள்ளைக் கோடு. அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சியும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் அற்றுப்போன பறவை அது. 1990களில் உபின் தீவில் மறுபடி தென்பட்டது, கூட்டுப்பெட்டிகள் வைத்துப் பெருக்கினார்கள், இப்போது நகருக்குள்ளும் பறக்கிறது.

ஓர் எச்சரிக்கை. காற்று பலமாக வீசினாலோ இடி கேட்டாலோ காட்டுக்குள்ளும் பெரிய மரத்தடியிலும் நிற்காதீர்கள், கட்டடம் ஒன்றுக்குப் போய்விடுங்கள். 2017 பிப்ரவரியில் 270 வயதைத் தாண்டிய தெம்பூசு மரம் ஒன்று இந்தத் தோட்டத்தில் வேரோடு சாய்ந்து ஓர் உயிர் போனது. நோட்டில் இருக்கும் மரம் இல்லை, வேறொன்று.

ஒரு சின்னக் கிளைக்கதை

தோட்டத்தில் இன்றும் ரப்பர் மரம் உண்டு. அதைப் பார்க்கும்போது மட்டும் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பேன். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் இங்கே வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செம்மைப்படுத்தினார். போகிற வருகிற தோட்ட முதலாளிகளையெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர் வாங்கினார். கிறுக்கு பலித்தது. மலாயா முழுக்க ரப்பர் தோட்டம் வந்தது, மரம் சீவக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்தார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நான்கு தலைமுறை கழிந்தது. பழுத்த ரப்பர் காய் வெயிலில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் யாரையாவது கூட்டி வந்தால், அந்த விதையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்த கதையை அவரே சொல்வார்.

7. செய்யக் கூடாதவை

தீனி போடாதீர்கள். மீந்த ரொட்டி, பிள்ளை கையில் இருக்கும் முறுக்கு, எதுவும் வேண்டாம். 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. புறாவுக்கு அரிசி போடுவதும் இதில் சேரும். காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய நம் பெரியவர்களுக்கு இது புரியாது. என் பெரியம்மா வந்திருந்தபோது பையிலிருந்து பொரியை எடுத்துவிட்டார். "வாயில்லா ஜீவனுக்குப் போடறது பாவமாடா?" என்றார். சட்டத்தைச் சொன்னேன், மசியவில்லை. ரொட்டிக்குப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், அப்புறம் அந்தக் குரங்கைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் பெரியம்மா என்றதும் பொரி பைக்குள் போய்விட்டது.

பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது பதறும். கூட்டுக்கு அருகில் போய்ப் படமெடுக்க வேண்டாம். தரையில் விழுந்து கிடக்கும் குஞ்சை உடனே தூக்காதீர்கள், பறக்கப் பழகும் குஞ்சாக இருக்கும், தாய் பக்கத்துக் கிளையில் நின்று நம்மைத் திட்டிக்கொண்டிருக்கும். பாம்பு கண்டால் நின்று, வழிவிட்டு, தோட்ட ஊழியரிடம் சொன்னால் போதும். அப்புறம், பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

8. நோட்டில் எழுதுவது

நோட்டு எதற்கு என்றால், பெயர் தெரியாததைப் பெயரில்லாமலே எழுதி வைக்க. தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தது. "8:10, இசை மேடை, புறா அளவு, மஞ்சள், கண்ணில் கறுப்புப் பட்டை, புல்லாங்குழல் மாதிரிச் சத்தம்" என்று என் முதல் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடினால் மாங்குயில். படம் மட்டும் எடுத்திருந்தால் அந்தக் குரலை மறந்திருப்பேன். சனிக்கிழமைக் காலைகளில் தொண்டூழியர்கள் இலவசமாகச் சுற்றிக் காட்டுவதுண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நோட்டோடு போய்க் கேளுங்கள். கேள்வியோடு வருபவரை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாதத்துக்கு ஒரு முறை, அதே பெஞ்சு, அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் நோட்டுக்கு உயிர் வரும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இருக்கும், ஏப்ரலில் அதே பக்கம் காலியாக இருக்கும். ஒருமுறை மாலை ஏழு மணிக்கு மேல் இருந்து பாருங்கள். பழந்தின்னி வௌவால் கிளம்பும். மரநாய் தென்படலாம். இங்கே அதை மலாயில் முசாங் என்பார்கள். பக்கத்தில் எங்கோ பாஸ்மதி சோறு வெந்த வாசனை வந்தால் மூக்கைச் சந்தேகிக்க வேண்டாம், அது அங்கேதான் இருந்திருக்கிறது. வாசனைக்குப் பெயர் போனது நம்மூர் மரநாயும்.

வடக்கு வாசல் வழியாக வெளியேறுபவர்கள் எம்ஆர்டிக்குள் இறங்கும் முன் சூழல் ஏரியில் பத்து நிமிடம் நில்லுங்கள். செம்பழுப்பு நிறத்தில் சிறு வாத்துக் கூட்டம் கரையில் நின்றால், அவை பறக்கும்போது விசிலடிக்கும் சீழ்க்கைச் சிறகிகள். எங்கள் ஊர்க் கண்மாயிலும் இதே பறவைதான். போன மாதம் நான் எண்ணியது பதினேழு. நீங்கள் போகும்போது எண்ணிப் பாருங்கள்.